அறை உண்டா?

கோயிலுக்கு வரலாறு உண்டு; தலபுராணம் என்று பெயர். கோட்டைக்கு வரலாறு உண்டு. கொத்தளம் இடிந்த பின்னும் அதைச் சொல்ல ஆள் உண்டு. பொழுது சாய்ந்த பின் ஊருக்குள் வந்த வழிப்போக்கன் தலை சாய்த்த இடத்துக்கு மட்டும் வரலாறு எழுதுவார் இல்லை. ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் கோபுர உயரத்தால் அளப்பவர் பலர். அயலூரான் ஒருவன் வந்து, "இரவு தங்க இடம் உண்டா?" என்று கேட்கும்போது அந்த நாடு தரும் மறுமொழியால் அளந்து பார்க்க விரும்புகிறோம் நாம்.

அப்படி அளப்பதற்கு ஏற்ற ஊர் பெரியகுளம். வராகநதிக் கரையில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பெரியகுளம் வட்டத்தில் அடங்கியிருந்தது. அந்த வட்டத்தின் மேற்கெல்லை மலை. மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மலையேறும் வழிகள் பல. ஏலமும் மிளகும் இறங்கி வந்தன; அரிசியும் ஆளும் ஏறிச் சென்றன. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை வேலைக்கும் ஆட்கள் இப்பள்ளத்தாக்கு வழியே சென்றனர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பக்கம் நின்றன. மலைமுகட்டில் கோடு விழுந்தது. உழைக்கப் போகிறவனின் காலடி அந்தக் கோட்டைக் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1996-இல் தேனி தனி மாவட்டமானது. எல்லை நிலம் என்ற இயல்பு மாறவில்லை.

எல்லை நிலத்தில் வழிப்போக்கர் மிகுதி. வழிப்போக்கனுக்கு வேண்டுவன நான்கு: தெருவில் நடக்க உரிமை, வண்டியில் ஏற உரிமை, கடையில் உண்ண உரிமை, விடுதியில் உறங்க உரிமை. இந்நான்கும் இயற்கையாகவே எல்லோர்க்கும் கிடைத்தவை என்று இன்றைய இளைஞன் எண்ணக்கூடும். எண்ணுவது தவறன்று, அப்படி எண்ணும் நிலை வரவேண்டும் என்பதற்காகத்தானே பாடுபட்டார்கள்! ஆனால் அந்தப் பாட்டின் வரலாற்றை மறந்துவிட்டால், பெற்றதைக் காக்கும் வழி தெரியாமற் போகும்.

முதலில் நடை. கோவில் இருக்கும் தெருவில் மனிதன் நடக்கலாமா என்பது வைக்கத்தில் எழுந்த வினா. நாய் நடந்தது, நரியும் நடந்திருக்கும், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றார்கள். அங்கிருந்து வந்த அழைப்பு பெரியாரின் கைக்குக் கிட்டியபோது அவர் சுற்றுப்பயணத்தில் தங்கியிருந்த ஊர் பண்ணைப்புரம். இதே பள்ளத்தாக்கின் ஊர். 1924 ஏப்ரல் 13 அன்று வைக்கத்தில் இருந்தார். இருமுறை சிறை சென்றார். அப்போராட்டத்தில் முன்னின்றவருள் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். மலையாள நாட்டில் பிறந்து, மதுரையில் வழக்குரைஞராகி, குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வதைக்கப்பட்ட கள்ளர் மக்களுக்காக வாதாடியவர். மலை பிரித்த இரு நாடுகளை மானம் இணைத்தது. அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை நிறைவேறச் செய்தார் இரட்டைமலை சீனிவாசன்.

அடுத்தது ஏற்றம். பேருந்து என்னும் புதுமை வந்தது. பழைமை அதிலும் ஏறி உட்கார்ந்து கொண்டது! ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தனர் வண்டிக்காரர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அவர்களை ஏற்ற மறுக்கும் வண்டிக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார். சக்கரம் சாதி பார்க்காது. சக்கரத்தின் மேல் உட்கார்ந்தவன் பார்த்தான். அவனுக்குப் புரிந்த மொழி உரிமம் ஒன்றே!

பேருந்து வருமுன் இங்கே நிலை எப்படி? கொடைக்கானல் மலைக்கு வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை திறக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில். அதற்கு முன், வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைத் துரைமார் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வருவர். அங்கிருந்து குதிரைப் பாதை. குதிரையில் ஏறாதவர் நாற்காலியிலும் டோலியிலும் அமர, கூலியாட்கள் தோளில் சுமந்து மலையேறினர். வந்து தங்கியவரைப் பற்றிப் பயண நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும். சுமந்தவன் பெயர் ஒன்றேனும் அவற்றில் உண்டா? தங்குமிடத்தின் வரலாறு எழுதப்படாமற் போனதன் காரணம் அங்கே விளங்குகிறது. எழுதியவன் படுத்திருந்தான், சுமந்தவன் எழுதவில்லை.

மூன்றாவது உணவு. "நம் முன்னோர் சத்திரம் கட்டவில்லையா? சாலை ஓரம் மரம் நடவில்லையா?" என்று கேட்பர் பழைமைப் பற்றாளர். கட்டினர்; நட்டனர். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் நிற்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் எழுப்பிய முத்தம்பாள் சத்திரத்தில் எல்லாச் சாதியார்க்கும் சோறு கிடைத்தது. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை, நன்றியோடு குறிப்போம். ஆனால் சோறு கிடைத்ததா என்பதோடு வினா முடிந்துவிடுமா? எந்தப் பந்தியில், எந்த வாயிலில், யார் உண்டு எழுந்த பின்? காசியில் இளைஞர் ஈ.வெ.ரா. கண்ட காட்சியைக் கழகத் தோழர் அனைவரும் அறிவர். வணிகர் பொருளில் எழுந்த சத்திரம். வாயிலில் நின்றவனோ பார்ப்பனரல்லாதவன் என்று சொல்லி அவரைத் தள்ளினான். பொருள் கொடுத்தவன் இனத்துக்கே பந்தியில் இடமில்லை! பசி, வெளியே எறிந்த எச்சில் இலையிடம் அவரைத் துரத்தியது. அறம் செய்தவர் புண்ணியம் தேடினார். புண்ணியக் கணக்கை எழுதியவர் சாதியைத் தேடினார்.

"அறச்சத்திரம் அப்படி, காசுக்குச் சோறு விற்கும் கடையில் இந்தத் தொல்லை இராதே! காசுக்கு ஏது சாதி?" என்பர் சிலர். அழகான வாதம். வரலாறு அதை ஏற்கவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பார்ப்பனர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்றிருந்தது. போராடிய பிறகே 1941-இல் ஒழிந்தது. சுதந்தரம் வந்து, அரசியலமைப்பும் வந்த பின்னும், கடை வாயிலில் "பிராமணாள்" என்ற சொல் தொங்கிற்று. 1957 மே 5 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவுக் கடையின் முன் மறியல் தொடங்கிற்று. நாள்தோறும் தோழர்கள் சிறை புகுந்தனர். மறு ஆண்டில்தான் அச்சொல் அங்கிருந்து இறங்கிற்று. எழுத்தென்னவோ ஐந்துதான், அதை இறக்குவதற்கு எத்தனை நூறு பேர் கைவிலங்கு ஏற்க வேண்டியிருந்தது!

நான்காவது, உறக்கம். உண்பது கால் மணி நேரம். உறங்குவது ஓர் இரவு. ஒருவனைத் தன் கூரைக்குக் கீழ் கண்மூட விடுவது, அவனை மனிதன் என்று ஒப்புக்கொள்வது. அதனால்தான் நான்கில் இதுவே கடினமாயிற்று. இதற்குச் சான்றாக ஒருவர் வாழ்வு போதும்.

1917. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், உதவித்தொகை தந்த பரோடா அரசில் பணியேற்க வந்தார். இந்து விடுதி எதுவும் அவரை ஏற்காது. பார்சிகள் நடத்திய சிறு விடுதி ஒன்று இருந்தது. அதுவும் பார்சிகளுக்கு மட்டுமே. விடுதிக் காவலர் ஒரு வழி சொன்னார்: பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொள்ளலாம்! நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். பேரறிஞர் பொய்ப் பெயரில் படுத்தார். பதினோராம் நாள், தடியேந்திய பார்சிகள் பத்துப் பன்னிருவர் மாடியேறி வந்து, மாலைக்குள் வெளியேறு என்றனர். நண்பர் வீடுகளும் திறக்கவில்லை. பூங்காவில் அமர்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். காசு இருந்தது. பட்டம் இருந்தது. அரசுப் பணி இருந்தது. படுக்க இடமில்லை. "காசுக்குச் சாதி இல்லை" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

அந்த மனிதரே பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடை, உணவுச் சாலை, விடுதி ஆகியவற்றுள் நுழைய எந்தக் குடிமகனையும் சாதி காட்டித் தடுக்கலாகாது என்கிறது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் பேசிற்று. சத்திரத்தில் நுழைவது மட்டுமா? அங்குள்ள பாத்திரத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்தாலும் குற்றம். அறை வாடகைக்கு விடும் சிறு விடுதியும் "விடுதி"யே. 1976 முதல் இது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் நிலவுகிறது.

இந்தச் சட்டத்தின் பெருமையை அறியக் கடல் கடந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு விடுதிகள் கதவடைத்த காலத்தில், நியூயார்க் நகரில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் ஒரு கையேட்டை வெளியிட்டார். எந்த ஊரில் எவர் வீட்டில் இடம் கிடைக்கும் என்று சொல்லும் நூல் அது. கறுப்பினக் குடும்பங்கள் தம் வீட்டு அறைகளையே வழிப்போக்கர்க்குத் திறந்து வைத்தன. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது; விடுதிகள் திறந்தன. ஆனால் அச்சட்டம் ஒரு விலக்கும் வைத்தது: உரிமையாளர் தாமே குடியிருக்கும், ஐந்து அறைக்கு மேற்படாத விடுதியை அது கட்டுப்படுத்தாது. "என் வீடு, என் விருப்பம்" என்ற வாதத்துக்கு அமெரிக்கச் சட்டம் அந்த ஐந்து அறைகளை விட்டுக் கொடுத்தது. நம் சட்டம் ஓர் அறையையும் விட்டுக் கொடுக்கவில்லை. குடும்பம் நடத்தும் விடுதியானாலும், வாடகை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்த பின் அது பொது இடம்!

சட்டம் ஏட்டில் இருக்கிறது, நாட்டில் இருக்கிறதா? பெரியகுளத்தில் ஒரு சிறு விடுதியில் ஓரிரவு தங்கினோம். கீழே குடும்பம், மேலே ஏழெட்டு அறைகள். "வாங்கண்ணே, எங்கிட்டிருந்து வர்றீக?" என்றார் உரிமையாளர். அவர் மகள் பதிவேட்டை விரித்தாள். பெயர், ஊர், வந்த நேரம், போகும் ஊர், அடையாள அட்டை எண், கையொப்பம். அவ்வளவே. சாதிக்குக் கட்டமில்லை. மாடிப்படியின் கீழ் ஒரு மண்பானை. அதன் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். ஏலக்காய் வாங்க வந்தவரும், மாந்தோப்புக் குத்தகைக்காரரும், மருத்துவமனைக்குக் கிழவியைக் கூட்டிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பமும் அதே டம்ளரில் குடித்தனர். யாரும் அதை வியக்கவில்லை. வியப்பில்லாமை கண்டு நாம் வியந்தோம். பரோடாவில் பொய்ப் பெயர் கேட்ட பதிவேடு, இங்கே பெயரோடு நிறைவு கொள்கிறது. பெரிய ஓட்டல் கதவைத் திறப்பது எளிது. அங்கே முதலாளி விருந்தாளியைக் காண்பதே இல்லை. அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையில் இருக்கும் வீடு கதவைத் திறப்பதே உண்மையான சீர்திருத்தம்.

ஆனால் மகிழ்ந்து மயங்கிவிடலாகாது. விடுதியை விட்டு வெளியேறிய கேள்வி எங்கே போயிற்று? வாடகை வீட்டு வாயிலில் போய் நிற்கிறது. "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்கிறது. கேட்க நாணினால், "சைவம் மட்டும்" என்று அட்டை கட்டித் தொங்குகிறது. சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையாய் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஓரிரவு தங்குபவனிடம் கேட்க வெட்கப்படுகிறவன், ஓராண்டு தங்குபவனிடம் வெட்கமின்றிக் கேட்கிறான்.

இளைஞர்களே! நடக்க, ஏற, உண்ண, உறங்க என்று நான்கு கதவுகளை உங்கள் முன்னோர் திறந்தனர். ஐந்தாவது கதவு குடியிருப்புக் கதவு. அதைத் திறக்கச் சிறை செல்ல வேண்டிய தேவைகூட இல்லை. உங்கள் தந்தையின் வீட்டு மாடி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், முன்பணம் கேளுங்கள். வேறு கேள்வி வீட்டில் எவர் வாயிலிருந்து எழுந்தாலும், அதைத் தடுத்து நிறுத்துங்கள். பகுத்தறிவு மேடையில் முழங்குவது எளிது. அது மெய்யா என்பதைத் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும்போதுதான் அறிய முடியும்.