சல்வதோர் நாட்டுத் தக்காளிச் சால்சா

மத்திய அமெரிக்காவிலே, பசிபிக் பெருங்கடலின் ஓரமாக, எல் சல்வதோர் என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பில் அது நம் இலங்கையின் மூன்றிலொரு பங்கிற்கும் சற்றுக் குறைந்தது. எரிமலைகள் நிறைந்த அந்நாட்டு இல்லங்களில் ஆக்கப்படும் தக்காளிச் சால்சாவைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன். ஒரு தொடுகறிக்கும் வரலாறு உண்டோ என்று வினவுவீராயின், உண்டு என்பதே என் விடை. அரசர் பெயர்களும் மறைந்து, மக்களின் மொழியும் நலிந்த பின்னர், அடுக்களையிலே எஞ்சி நின்ற வரலாறு அது.

முதற்கண் அதனை ஆக்கும் முறையைக் கூறுவேன். நன்கு பழுத்த தக்காளி ஐந்தாறு, பாதி வெங்காயம், உள்ளி இரண்டு பல், காரமில்லாத பச்சைமிளகாய் ஒன்று ஆகியவற்றைச் சிறிதளவு நீரிலிட்டு, தக்காளியின் தோல் வெடிக்கும்வரை அவிப்பர். பின்னர் அவித்த நீரில் ஒரு பகுதியைச் சேர்த்து மசிய அரைப்பர். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அரைத்ததை ஊற்றி, உப்பும் ஓரிகானோ என்னும் மணவிலையும் இட்டு, பச்சை வாடை நீங்கும்வரை மெல்லிய தீயிற் கொதிக்கவிடுவர். அது நம் சம்பலைப் போல இறுகியதன்று, நீர்த்தது, காரமும் குறைந்தது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்து, அம்மாவினுள் அவரைவிதையோ பாற்கட்டியோ பன்றியிறைச்சியோ பொதிந்து, தட்டிச் சுடும் ‘புபூசா’ என்னும் ரொட்டியின் மீது இதனை ஊற்றி, புளிக்காடியில் ஊறிய கோவாவுடன் கையாலெடுத்து உண்பர்.

இச்சால்சாவின் ஒவ்வொரு பொருளும் ஒரு காலத்தைச் சுட்டுவது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்க மண்ணுக்கே உரியன. மெக்சிக்கோவின் நாவாத்ல் மொழியில் ‘தொமாத்ல்’ என்பது சாறுள்ள உருண்டைப் பழங்கள் பலவற்றிற்கும் பொதுப்பெயர்; நாம் இன்று அறியும் செந்தக்காளியை ‘சித்தொமாத்ல்’ என வேறு பிரித்தனர். நம் தமிழிலும் மணத்தக்காளி முதலிய சிறு கனிகளுக்குரிய பழம்பெயரே கடல்கடந்து வந்த இப்பழத்திற்கும் வழங்கலாயிற்று என்பதை ஈண்டு நினைவுகூரலாம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவில் வாழ்ந்த பெர்னார்தினோ தெ சகாகுன் என்னும் துறவி, சந்தையில் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு வகைகளை விற்போரைப் பற்றி எழுதிவைத்துள்ளார்.

சல்வதோரின் பண்டை அடுக்களையையும் நாம் இன்று காணலாம். 1976ஆம் ஆண்டில், தானியக் களஞ்சியம் அமைக்க நிலத்தைச் சமப்படுத்தியபோது, ஹோயா தெ செரென் என்னுமிடத்தில் எரிமலைச் சாம்பலுள் புதைந்த ஓர் ஊர் வெளிப்பட்டது. கி.பி. 600ஆம் ஆண்டளவில் மக்கள் உயிர்தப்பி ஓடிவிட, வீடுகள் அப்படியே மூடுண்டன. அரைக்கும் கல்லும், மட்பாண்டங்களும், அவரைவிதையும், மிளகாயும் அங்கே கிடைத்தன. 1993இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

பிற்காலத்தில் வடக்கிலிருந்து வந்த பிப்பில் மக்கள், நாவாத்லுக்கு நெருங்கிய உறவுடைய நாவாத் மொழியைப் பேசி, குஸ்கத்லான் என்னும் நாட்டை அமைத்தனர். 1524இல் பெத்ரோ தெ அல்வராதோ என்னும் ஸ்பானியத் தளபதி படையெடுத்து வந்தான். அக்காஹுத்லாப் போரில் அவன் தொடையில் அம்பு தைத்தது. எனினும் சில ஆண்டுகளில் நாடு ஸ்பானியர் வசமாயிற்று. அவர்களோடு வெங்காயமும் உள்ளியும் பன்றியும் பாற்பசுவும் வந்தன. ‘சால்சா’ என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. உப்பிடப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஆகவே அச்சட்டியில் வென்றோர் பொருளும் தோற்றோர் பொருளும் ஒன்றாகக் கொதிக்கின்றன.

1821இல் ஸ்பானிய ஆட்சி நீங்கியும் பழங்குடிகளின் துயர் நீங்கவில்லை. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊர்ப்பொது நிலங்களை ஒழித்தன. அந்நிலங்களிற் பெரும்பகுதி கோப்பித் தோட்டங்களாயிற்று. 1932 ஜனவரியில் இசால்கோ முதலிய ஊர்களில் உழவர் கிளர்ந்தெழுந்தபோது, எர்னாந்தெஸ் மார்த்தினெஸ் என்னும் தளபதியின் அரசு அவர்களைக் கொன்று குவித்தது. இறந்தோர் தொகையை 10,000 முதல் 30,000 வரை எனப் பலவாறு மதிப்பிடுவர். பழங்குடி உடையும் மொழியுமே உயிருக்கு ஆபத்தாயின. தாய்மார் தம் மக்களுக்கு நாவாத் மொழியைக் கற்பிக்க அஞ்சினர். இன்று அதனைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே. அவருட் பெரும்பாலோர் முதியோர்.

ஆயினும் அவ்வீடுகளில் அடுப்பு அணையவில்லை. ஸ்பானிய மொழி பேசும் பேரப்பிள்ளை ‘தொமாத்தே’ என்றும், ‘சிலே’ என்றும், ரொட்டி சுடும் ஓட்டைக் ‘கொமால்’ என்றும் கூறும்போது, நாவாத்ல் குடும்பத்துச் சொற்களையே கூறுகின்றது. படைவீரர் எவரும் அச்சொற்களைக் குற்றமெனக் கருதவில்லை. அவை வெறும் சமையற்கட்டுச் சொற்களன்றோ!

1980 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு நீங்கினர். லொஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் நகரங்களுக்குச் சென்றோர் புபூசாக் கடைகளைத் திறந்தனர். 2005இல் சல்வதோரின் சட்டமன்றம் புபூசாவைத் தேசிய உணவாக அறிவித்து, நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறை அதற்குரிய நாளாகவும் விதித்தது.

சட்டமன்றம் சிறப்பளித்தது பின்னாளில். காத்து நின்றவர் முன்னாளிலேயே இருந்தனர். தம் தாய் அரைத்தவாறே தக்காளியை அரைத்த அப்பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நம் வீட்டு அடுக்களையிலும் பாட்டியார் சொல்லும் சில சொற்கள், செய்யும் சில முறைகள் இருக்கும். அவற்றைக் கேட்டறியும் காலம் அவர்கள் நம்மோடிருக்கும் காலமே.