காகம் நட்ட மரம்: கல்லரசின் கதை



மலைப்பக்கம் போகும் பிள்ளைகள், "சேர், மண்ணே இல்லாத பாறையில அரசமரம் எப்படி முளைச்சது? யார் நட்டது?" என்று கேட்பதுண்டு. நம்மில் பெரியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. சில வேளை அது சந்தேகமாக மட்டும் நிற்பதில்லை. பயமாகவும் பேச்சாகவும் மாறிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அது அரசமரமாக இல்லாமல், அதன் உறவு மரமான கல்லரசாக இருக்கலாம். அரசிலையின் நுனி வால் போல நீண்டிருக்கும். கல்லரசின் நுனி குறுகியது. பாறை வெடிப்பில் வேரை இறக்கி, உள்ளே தேங்கும் ஈரத்தைக் குடித்தே அது வளர்கிறது.

இரண்டுக்கும் வரலாறும் வேறு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த வெள்ளரசுக் கிளை அநுராதபுரத்தில் நடப்பட்டது. அதை பௌத்த சகோதரர்கள் இன்றுவரை புனிதமாகப் பேணுகிறார்கள். கல்லரசை எவரும் கொண்டுவரவில்லை. அது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சொந்தமான மரம்.

சிங்களத்தில் இதற்குப் பெயர் 'கபுடு போ', அதாவது காக்கை அரசு. பழத்தைத் தின்ற பறவையின் எச்சத்தில் விதை பாறைக்கு வந்து சேர்வதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழ்ப் பெயர் அது முளைக்கும் இடத்தைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மிக்கெல் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர், ஸ்கொட்லாந்தின் ஆர்னொட் நினைவாக 'பைக்கஸ் ஆர்னோட்டியானா' என்று பெயரிட்டார். அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருக்கிறார். நமது இரு மொழிப் பெயர்களிலும் இருப்பது காகமும் கல்லும்தான்.

குர்ஆனின் 95ஆம் சூறா அத்தியின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. அந்த அத்தியும் கல்லரசும் ஒரே பேரினம். ஒருவர் நட்ட மரத்தில் பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்று ஹதீஸ் சொல்கிறது. இங்கே நட்டதே பறவை. வௌவாலும் குருவியும் தின்கின்றன. வெட்டாமல் விடுவது மட்டுமே நமது பங்கு.

கருங்கல்லுக்காகக் குன்றை உடைக்கும்போது கல்லோடு இந்த மரமும் போய்விடுகிறது. வீதிக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும்தான். ஆனால் உடைத்த குன்று திரும்பி வளராது.

அடுத்த முறை பாறையில் ஓர் அரசிலையைக் கண்டால், "யார் நட்டது?" என்று சண்டைக்குப் போகுமுன் நுனியைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.