பேய் பேசிய தமிழ்

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஜெபல் அலி பக்கம் டிஸ்கவரி கார்டன்ஸில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் கொல்லத்துக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் மகளும் நானும் ஒரே பள்ளி பஸ். ஒரு ஓணத்துக்கு அவர்கள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தோம். 'மணிச்சித்திரத்தாழ்' ஓடிக்கொண்டிருந்தது. என் மலையாளத்துக்குப் படம் பாதிதான் புரிந்தது. பேய் வந்த பிறகு எல்லாமே புரிந்தது. ஏனென்றால் அது தமிழ் பேசியது.

தோழி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அடுத்த ஒரு வாரம் பஸ்ஸில் என் பெயர் நாகவல்லி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புகார் சொன்னேன். "நம்ம சந்திரமுகியை அவங்க காப்பி அடிச்சிருக்காங்கப்பா."

"மாத்திச் சொல்றே. அதுதான் முதல்ல வந்துச்சு" என்றார் அப்பா.

அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம் இது. அதனால்தான் 2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2' வந்ததும், இப்ன் பதூதா மால் தியேட்டருக்கு முதல் வார இறுதியிலேயே ஓடினேன். இந்த முறை கதை பழைய காலத்துக்கே போகிறது, வேட்டையன் யார், சந்திரமுகி யார் என்று காட்டப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த முன்கதைதான்.

படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல, இந்தக் கதை வந்த வழியைச் சொல்லியாக வேண்டும்.

கேரளத்தில் ஹரிப்பாட்டுக்குப் பக்கத்தில் முட்டம் என்று ஒரு ஊர். அங்கே ஆலும்மூட்டில் என்ற பழைய ஈழவத் தறவாடு இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் நடந்த கொலைதான் கதைக்கு விதை என்று பரவலாகச் சொல்வார்கள். திரைக்கதை எழுதிய மது முட்டம் அந்த ஊர்க்காரர். ஃபாசில் இயக்கிய படம் 1993 டிசம்பரில் வந்தது. சோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2004இல் பி. வாசு அதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆக்கினார். 2005 ஏப்ரல் 14 அன்று தமிழில் 'சந்திரமுகி' ஆக்கினார். 2007இல் இந்தியில் 'பூல் புலையா' வந்தது.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி, பேசுவது தமிழ். தமிழ்ப் படத்தில் சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து வந்தவள், பேசுவது தெலுங்கு. கன்னடத்திலும் அவளுக்குத் தெலுங்குதான். இந்தியில் அவள் மஞ்சுளிகா, பேசுவது வங்காளம். எந்த மொழியில் எடுத்தாலும் பேய் பக்கத்து ஊர் மொழி பேசுகிறது. நமக்குத் தெலுங்கு எப்படிப் பயமாக இருந்ததோ, கொல்லத்துத் தோழிக்கு என் மொழி அப்படி இருந்திருக்கிறது. நான் அம்மாவிடம் "பசிக்குதும்மா" என்று கேட்கிற அதே மொழி!

இது வெறும் சினிமாக்காரர்களின் கற்பனை இல்லை. பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. தஞ்சாவூரை 1532 முதல் 1673 வரை நாயக்கர்கள் ஆண்டார்கள். 1676 முதல் 1855 வரை மராட்டியர்கள். இரண்டு அரசவைகளிலும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தெலுங்கு பெரிய மொழி. காவிரிக்கரையில் பிறந்த பெண் தெலுங்குப் பதத்துக்கு அபிநயம் பிடிப்பது அங்கே சாதாரணம். இன்றும் பரதநாட்டிய வகுப்பில் நீங்கள் தெலுங்கு வர்ணம் கற்றுக்கொள்வது அந்த வழியாக வந்ததுதான்.

தஞ்சாவூர்க் கலை மலையாள அரண்மனைக்குப் போனதும் உண்மை. இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் என்ற அண்ணன் தம்பிகள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இவர்களில் கடைசித் தம்பி வடிவேலு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்குப் போனார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். ஆக, தஞ்சாவூரிலிருந்து ஒரு நாட்டியக்காரி கேரளத்து மாளிகைக்கு வந்தாள் என்று கதை எழுதினால் அங்கே யாருக்கும் அது விநோதமாகப் படாது.

இன்னொரு வேடிக்கை. 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் சில காட்சிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தவை. திருவிதாங்கூர் மன்னர்களின் அந்த அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஆனால் 1956 முதல் அது நிற்கும் மண் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம்!

சரி, முன்கதைக்கு வருவோம். முதல் படத்தில் உண்மையில் பேயே கிடையாது. அதுதான் அதன் பலம். கங்கா என்ற பெண்ணின் மனம் நோயுற்றிருக்கிறது. பூட்டிய அறை, ஒரு பழைய ஓவியம், ஊரார் சொன்ன கதை, இவற்றிலிருந்து அவளே ஒரு நாட்டியக்காரியை உருவாக்கிக்கொள்கிறாள். மந்திரவாதியோடு ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றுகிறார். 2005இல் ரஜினி படத்தைப் பார்க்கப் போன கோடிக்கணக்கான ஜனங்களுக்கு, "இது ஆவி இல்லை, நோய், இதைக் குணப்படுத்தலாம்" என்று ஒரு கமர்ஷியல் படம் சொன்னது சின்ன விஷயமா?

'சந்திரமுகி 2' அந்தக் கதவை உடைத்துவிட்டது. ஆவிகள் நிஜமாகவே வருகின்றன, உடம்பில் புகுகின்றன. பழைய காலம் வருகிறது, கங்கனா ரணாவத் சந்திரமுகியாக ஆடுகிறார், ராகவா லாரன்ஸ் வேட்டையனாக வாள் சுழற்றுகிறார். ஆனால் அந்தப் பழைய காலமும் வேட்டையனின் கதைதான். அவன் கோபம், அவன் வீரம், அவன் நடை. சந்திரமுகி எந்தத் தெருவில் வளர்ந்தாள், யாரிடம் ஆடக் கற்றாள், தூக்கி வந்த ஊரில் தன் மொழி பேச அவளுக்கு யார் இருந்தார்கள்? ஒன்றும் இல்லை. 2010இல் கன்னட 'ஆப்தரக்ஷகா'விலும் வாசு ராஜாவின் பின்கதைக்குத்தான் போனார். இரண்டு முறை வாய்ப்பு கிடைத்தும் அவளைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்வதற்கு ஆள் இருந்தாள். முத்துப்பழனி என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில், தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த கணிகை. ராதையையும் கிருஷ்ணனையும் வைத்து 'ராதிகா சாந்தவனமு' என்ற தெலுங்குக் காவியம் எழுதினாள். ஒரு பெண்ணின் ஆசையைப் பெண்ணின் பக்கம் நின்று எழுதினாள். அதை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினாரே, அவரேதான். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்க 1940கள் ஆயிற்று.

தெலுங்கு பேசும் நாட்டியக்காரி, தஞ்சாவூர் அரண்மனை, பூட்டி வைத்த குரல். நான் டிக்கெட் எடுத்து எதிர்பார்த்த முன்கதை இதுதான். அது நிஜமாகவே நடந்திருக்கிறது. அதில் அவள் பேய் இல்லை, கவிஞர்.

குரல் என்றதும் இன்னொன்று. மலையாளப் படத்தில் கங்காவுக்கு டப்பிங் பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாக மாறியதும் வரும் அந்தத் தமிழ்க் குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது. இது பரவலாகத் தெரியவர இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. ஒரு மாநிலமே நடுங்கிய குரல், அத்தனை காலம் பெயரில்லாமல் இருந்தது.

இதை ஏன் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்? ஜெபல் அலித் துறைமுகம் திறந்தது 1979இல், ஃப்ரீ ஸோன் 1985இல். இங்கே வேலைக்கு என்று அழைத்து வரப்பட்ட ஊர்களின் மொழி எல்லாம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் கேட்கும். லிஃப்டில் புரியாத மொழியில் யாராவது குரல் உயர்த்தினால் நான் ஓர் அடி பின்னால் நகர்வேன். நான் அம்மாவிடம் போனில் கத்தினால் மற்றவர்கள் நகர்கிறார்கள். யாருக்கு யார் பேய் என்பது எந்த ஃபிளாட்டில் டிவி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

'சந்திரமுகி 2' பார்த்த மறுவாரம் அந்தக் கொல்லத்துத் தோழியை வரச்சொல்லி, மறுபடி 'மணிச்சித்திரத்தாழ்' போட்டேன். கங்கா கடைக்குப் போகக் கிளம்பும் காட்சி வந்தது. கணவன் போக வேண்டாம் என்கிறான். அவள் முகம் மாறுகிறது, கட்டிலைத் தூக்குகிறாள், மலையாளம் போய்த் தமிழ் வருகிறது. நான் படத்தை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வசனத்தையும் தோழிக்குச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "இத்தனை வருஷமா ஏதோ சாபம் விடுறாள்னு நினைச்சேன். வெளியே போக விடமாட்டியான்னுதான் கேட்கிறாளா?"

"ஆமாம்" என்றேன். "அவ்வளவுதான் கேட்கிறாள்."