எறிகிற கையும் எடைபோடுகிற கண்ணும்

1957-இல் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்போர்ட்டில் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் அந்தப் பருவம் முழுக்க 62 இன்னிங்ஸ் பந்து எறிந்தான். 121 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே அனுப்பினான். 129 பேருக்கு, பந்து எல்லைக்குள் விழாததால், மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகிற உரிமையைக் கொடுத்தான். ஜெயித்தது ஒன்று, தோற்றது எட்டு. மூன்று வருஷம் கழித்துக் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ். அங்கே இரண்டு கணக்கும் ஒன்றாகவே வந்து நின்றன. வெளியே அனுப்பியது 262, நடக்கவிட்டதும் 262. பெயர் ஸ்டீவ் டால்கௌஸ்கி. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குச் சொந்தமான கை.

'சொந்தமான கை' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த உலகத்தில் ஆளைக் கை என்றே சொல்கிறார்கள்: நல்ல கை, உயிருள்ள கை. அவர்களுடைய சொற்களைக் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டும். ஸ்கௌட் என்பது படையிலிருந்து வந்த சொல். எதிரி நிலத்தை முன்னால் போய் ஒளிந்து பார்த்து வருகிற வேவுகாரன். ப்ராஸ்பெக்ட் என்ற சொல்லில் பொன் தேடி மண்ணைச் சலிப்பவனின் வாடை அடிக்கிறது. ஸ்கௌட் கண்டுபிடித்த பையனைக் கொண்டுபோய் வளர்க்கிற சிற்றூர் அணிகளுக்குப் பெயர் பண்ணை. படை, சுரங்கம், பண்ணை. விளையாட்டு என்ற சொல்லை இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கே உட்கார வைப்பது?

ஸ்கௌட்டின் வேலை இதுதான். பள்ளிக்கூட மைதானத்துக்கும் மைனர் லீக் ஊர்களுக்கும் காரோட்டிக்கொண்டு போக வேண்டும். பந்து எறிகிற பையனை, அதாவது பிட்சரை, பார்த்து எழுத வேண்டும். வேகப்பந்து, கர்வ், ஸ்லைடர், சேஞ்சப், கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் 20-லிருந்து 80 வரை ஓர் எண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 80 அபூர்வம். ஒவ்வொரு தகுதிக்கும் இரண்டு கட்டம்: ஒன்று இன்றைக்கு, இன்னொன்று வருங்காலத்துக்கு. பதினேழு வயசுப் பையனுக்கு இன்றைக்கு 40 போட்டு வருங்காலத்துக்கு 60 போடலாம். தோள் அகலமாக இருக்கிறதா, விரல் நீளமா, உடம்பில் இன்னும் சதை போட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய ஸ்கௌட்டுகள் 'நல்ல முகம்' என்றும் ஒன்று பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழி பார்த்துத் துண்டுக்குள் கைவிட்டு விலைபேசுகிற தரகர்கள் இதைப் படித்தால் புதுசாக எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு ஒன்று உறுத்துகிறது. இந்தப் படிவத்தில் நிகழ்காலம் உண்டு, எதிர்காலம் உண்டு, இறந்தகாலத்துக்குக் கட்டமில்லை. மார்க்ஸ் உழைப்பையும் உழைப்புச் சக்தியையும் பிரித்துக் காட்டியதை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். முதலாளி வாங்குவது செய்து முடித்த உழைப்பை அல்ல, செய்யக்கூடிய ஆற்றலை. வகுப்பெடுக்கும்போது இது அரூபமாகத்தான் இருக்கும். ஸ்கௌட்டின் இரண்டாவது கட்டத்தில் அது எண்ணாகவே எழுதப்பட்டுவிடுகிறது. இன்னும் எறியாத பந்துக்கு விலை.

ஆனால் வருங்காலத்துக்கு விலை போட வேண்டுமென்றால் அந்த வருங்காலம் வாங்குகிறவனின் கையில் இருக்க வேண்டும். நாளைக்கே பையன் வேறு அணிக்குப் போய்விடலாம் என்றால் எவன் ஐந்து வருஷம் சோறு போட்டு வளர்ப்பான்? ஆகவே ஸ்கௌட்டின் கண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேஸ்பால் பற்றி எழுதப்பட்ட ரசனைப் பிரதிகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. முதிர்ந்த ஸ்கௌட்டின் உள்ளுணர்வு, வெயிலில் காய்ந்த தொப்பி, நெடுஞ்சாலைத் தனிமை என்று உருகி முடித்துவிடுகின்றன.

பண்ணை முறையைக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் பணம் இல்லை. தேறிய ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகளோடு போட்டிபோட்டு வாங்க முடியாது. ரிக்கி சிற்றூர் அணிகளை வாங்கினார், சிலவற்றோடு ஒப்பந்தம் போட்டார். பையன்களைக் கூட்டம் கூட்டமாகச் சோதித்துச் சல்லிக்காசுக்கு எடுத்து அங்கே போட்டார். எண்ணிக்கையிலிருந்துதான் தரம் வரும் என்பது அவர் கட்சி. ஒரு கட்டத்தில் கார்டினல்ஸிடம் 30-க்கும் மேற்பட்ட பண்ணை அணிகள் இருந்தன. மிஞ்சியதை மற்ற அணிகளுக்கு விற்றார்கள். விற்பனையில் ரிக்கிக்கும் பங்கு உண்டு. சங்கிலியால் பிணைத்து வேலை வாங்கப்படும் கைதிக் கும்பலின் பெயரைத்தான் எதிரிகள் இந்த முறைக்கு வைத்தார்கள். 1938-இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், விதிகளை மீறிப் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லி, எழுபதுக்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் பண்ணை ஆட்டக்காரர்களை விடுவித்தார். அதனால் முறை ஒன்றும் சாகவில்லை. எல்லா அணியும் பண்ணை வைத்துக்கொண்டன.

அதே 1938-இல்தான் டிஸ்ஸி டீன் விற்கப்பட்டார். பருத்தி எடுத்து வளர்ந்த ஏழைப் பையன். பண்ணை முறையில் விளைந்த பெரிய பிட்சர். 1934-இல் 30 ஆட்டம் ஜெயித்தவர். 1937-இல் கால் விரல் முறிந்தது. அந்த வலியோடு எறியும் முறையை மாற்றப்போய்க் கை கெட்டது. கை கெட்டது தெரிந்தேதான் சிகாகோ கப்ஸ் 1,85,000 டாலரும் மூன்று ஆட்டக்காரர்களும் கொடுத்து அவரை வாங்கியது. விற்கிறவருக்கு எப்போது விற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. மதிப்பிடும் கலையில் இதுவும் சேர்த்திதான்.

பண்ணைகளுக்கு அடியில் கிடந்த கல் 1922-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்றது. இதனால் 'ரிசர்வ்' விதி பிழைத்தது: ஒருமுறை கையெழுத்துப் போட்டவன் அந்த அணி விடும்வரை அந்த அணிக்கே. அதைக் கேள்வி கேட்டு உச்சநீதிமன்றம்வரை போன ஜார்ஜ் டூல்சன் ஒரு மைனர் லீக் பிட்சர். யாங்கீஸின் நியூவார்க் பண்ணையில் இருந்தவரை அதைவிடக் கீழான பிங்கம்டனுக்குப் போகச் சொன்னார்கள். போக மாட்டேன் என்றார். வேறு எங்கும் எறிய முடியாமல் போயிற்று. 1953-இல் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பு ஒரே ஒரு பத்தி. ஒரு மனிதனின் கை யாருடையது என்ற கேள்விக்கு ஒரு பத்தி போதுமென்று ஏழு நீதிபதிகள் நினைத்தார்கள்.

இறந்தகாலத்துக்குக் கட்டமில்லை என்றேன். முழுக்கச் சரியில்லை. அது கொல்லை வழியாக வரும், 'மேக்கப்' என்ற பெயரில். நம் சினிமா மேக்கப் இல்லை. மனசின் வார்ப்பு, நெஞ்சுரம், அடங்கி நடக்கும் தன்மை எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய மூட்டை அது. வேகத்தைப் போல இதை யாரும் சரிபார்க்க முடியாது. ஆகவே பார்க்கிறவனின் ஜாதகம் முழுக்க இதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஜானி ரைட்டின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1945-க்கு முன்னால் கறுப்பர்களைப் பற்றி மேஜர் லீக் ஸ்கௌட்டுகள் அறிக்கை எழுதவில்லை, எழுதத் தேவையிருக்கவில்லை. சாட்சல் பெய்ஜ் என்ற மகா பிட்சர் 42 வயசில், 1948-இல்தான் மேஜர் லீகுக்குள் வர முடிந்தது. 1945-இல், அப்போது புரூக்ளின் டாட்ஜர்ஸில் இருந்த ரிக்கி, புதிதாக ஒரு கறுப்பர் அணிக்கு ஆள் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஸ்கௌட்டுகளை அனுப்பினார். எதற்காகப் பார்க்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்படித்தான் ஜாக்கி ராபின்சன் வந்தார். அவரை வரலாறு வைத்துக்கொண்டது. 1946-இல் மொன்ட்ரியால் பண்ணை அணிக்கு ராபின்சனோடு போன இன்னொரு கறுப்பர் நியூ ஆர்லியன்ஸ்காரரான ரைட். ஹோம்ஸ்டெட் க்ரேஸ் அணியின் தேறிய பிட்சர். சீக்கிரமே கீழ் அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வருஷம் கறுப்பர் லீகுக்கே திரும்பிவிட்டார். அழுத்தம் தாங்கவில்லை என்பதுதான் இன்றுவரை அவரைப் பற்றிய ஒற்றை வரி.

எந்த அழுத்தம்? பயிற்சி நடந்தது இனப்பிரிவினைச் சட்டம் ஆண்ட ஃப்ளோரிடாவில். வெள்ளைச் சக ஆட்டக்காரர்களோடு ஒரே ஓட்டலில் தங்க முடியாது. வெள்ளைக்காரன் தலைக்கு அருகே ஒரு பந்து தப்பிப் போனால் என்ன நடக்கும் என்ற நினைப்போடு எறிய வேண்டும். பிட்சர் என்பவன் தலைக்கு அருகே எறிந்து பயமுறுத்தியே பிழைக்கிறவன்! ரைட்டுக்குப் பறிக்கப்பட்டது அந்த ஆயுதம் என்று நான் வாசிக்கிறேன். அறிக்கையோ அதை அவருடைய மனசின் குறையாக வாசித்தது. சமூகம் போட்ட பாரம், எடைபோடும் கண்ணுக்குள் போய் வரும்போது, சுமக்கிறவனின் இயல்பாக மாறிவிடுகிறது. இட ஒதுக்கீட்டில் வந்த மாணவனைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் பேசப்படுவதைக் கேட்டவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டாம்.

அப்படியானால் கண்ணை எடுத்துவிட்டுக் கருவியை வைத்தால் நியாயம் வந்துவிடுமா? இந்த ஆசை பழசு. 1958-இல் ஓரியோல்ஸ் நிர்வாகம் டால்கௌஸ்கியை அபெர்டீன் ராணுவச் சோதனைக் களத்துக்குக் கூட்டிப்போனது. முந்தின நாள்தான் ஆட்டம் ஆடியிருந்தான். எறிய மேடு கிடையாது, சமதரை. பந்து கருவியின் சின்னப் பரப்புக்குள் போனால்தான் பதிவாகும். அவனோ கட்டுப்பாடு இல்லாததற்கே பெயர்போனவன். சுமார் நாற்பது நிமிஷம் எறிந்து எறிந்து களைத்த பிறகு ஒரு பந்து உள்ளே போனது. 93.5 மைல் என்றது கருவி. அவனைவிட வேகமாக எவனும் எறிந்ததில்லை என்று எதிரில் மட்டை பிடித்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் அக்கறை வேறு. கருவி எல்லாப் பந்தையும் பார்க்கவில்லை. தனக்கு வசதியான இடத்துக்குள் வந்த ஒன்றை மட்டும் பார்த்தது.

ராடார்த் துப்பாக்கி மைதானத்துக்கு வந்ததும் ஒரு போலீஸ் கதை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர் 1974-இல், வளாகப் போலீஸார் கார்களின் வேகத்தைப் பிடிக்க வைத்திருந்த கருவியைக் கண்டு, பந்துக்கும் இது ஆகுமே என்று நினைத்தார். கண்காணிப்பும் தேர்வும் ஒன்றோடொன்று கைகோத்தவை என்று ஃபூக்கோ எழுதியதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் தேட வேண்டாம். அடுத்த வருஷங்களில் ஸ்கௌட் கூட்டம் முழுக்கத் துப்பாக்கி நீட்டியது. எண் காட்டுகிற பையன் ப்ராஸ்பெக்ட் ஆனான். பையன்களும் எண்ணுக்காகவே எறியக் கற்றுக்கொண்டார்கள், முழங்கை போகும்வரை.

இந்தியாவரை வந்தது அந்தத் துப்பாக்கி. 2008-இல் அமெரிக்க ஏஜென்ட் ஒருவர் இங்கே போட்டி நடத்தினார். பேஸ்பாலே பார்த்திராத, ஈட்டி எறியப் பழகிய உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேர்வானார்கள். அந்த வருஷமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. இருவரும் கீழ்த்தட்டு லீகுகளைத் தாண்டவில்லை. தினேஷை 2010-இல் விட்டுவிட்டார்கள். ரிங்கு காயங்களோடு சில வருஷம் தள்ளி, கடைசியில் மல்யுத்தக் காட்சிக்குப் போனார். 2014-இல் டிஸ்னி படமாக எடுத்தது. இசை நம் ஏ. ஆர். ரஹ்மான். கையெழுத்துப் போடுவதுதான் அங்கே சுப முடிவு. பண்ணை வாழ்க்கை அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது.

டால்கௌஸ்கி 1962-இல் எல்மிராவில் ஏர்ல் வீவரிடம் வந்து சேர்ந்தான். வீவர் அவனுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினார். எளிமையாக ஒன்றிரண்டு சொல்லி எறியவிட்டார். 160 இன்னிங்ஸில் நடக்கவிட்டது 114 ஆகக் குறைந்தது, வெளியே அனுப்பியது 192. அடுத்த வசந்தத்தில், 1963 பயிற்சி ஆட்டத்தில், முழங்கை போய்விட்டது. 1965-க்குப் பிறகு கை இல்லை, ஆகவே ஆளும் இல்லை. கலிஃபோர்னியா வயல்களில் ஊர் ஊராகப் போய் அறுவடைக் கூலியாக வேலை செய்தார், குடித்தார். 2020-இல், பிறந்த ஊரான நியூ பிரிட்டனில், எண்பது வயசில், கொரோனாவில் செத்தார். ஒன்பது வருஷம் பண்ணையில் எறிந்தும் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை.

ரிசர்வ் விதியை 1975-இல் உடைத்த வழக்கும் இரண்டு பிட்சர்களுடையதுதான், மெஸ்ஸர்ஸ்மித்தும் மெக்நாலியும். மேஜர் லீக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, விடுதலை கிடைத்தது. பண்ணையில் இருந்தவர்களுக்குச் சங்கம் இல்லை. 2020-இல்கூட கிளாஸ் ஏ அணியில் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 290 டாலர். அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். கூலி கேட்டு 2014-இல் வழக்குப் போட்ட வக்கீல் காரெட் பிரோஷியூஸ். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பண்ணையில் ஆறு பருவம் எறிந்த பிட்சர். மேலே போகாமல் போய்ச் சட்டம் படித்தவர். அவர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018-இல், 2000 பக்கத்துக்கும் மேற்பட்ட செலவு மசோதா ஒன்றுக்குள் ஒரு பிரிவைச் செருகி மைனர் லீக்காரர்களைக் கூலிச் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து வெளியே தள்ளினார்கள். அதற்கு 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்' என்று பெயர். வழக்கு சாகவில்லை. 2022-இல் 18.5 கோடி டாலர் கொடுக்க மேஜர் லீக் ஒப்புக்கொண்டது. டிஸ்ஸி டீனுக்குக் கொடுத்த தொகையைப் போல ஆயிரம் மடங்கு. ஆனால் இது ஆயிரக்கணக்கான பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியது.

அதே வருஷம் மைனர் லீக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் மேல்தட்டான ட்ரிபிள் ஏ அணிக்கு வருஷக் கூலி 35,800 டாலர் ஆயிற்று. அணி தன் பிடியில் வைத்திருக்கக்கூடிய காலம், 19 வயசிலோ அதற்குப் பிறகோ சேர்கிறவர்களுக்கு, ஏழு வருஷத்திலிருந்து ஆறானது. பதிலுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்: ஓர் அணி உள்நாட்டில் வைத்திருக்கக்கூடிய பண்ணை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 2024-லிருந்து 180 இல்லை, 165. முப்பது அணிகள். ஆக 450 இடம் போயிற்று. எந்த 450 பேர் என்பதை முடிவு செய்யும் படிவத்தில் அதே இரண்டு கட்டங்கள்தான்.