வணிகரும் வெறுப்புரையும்

1833ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே பெஞ்சமின் டே என்பார் ‘சன்’ என்னும் நாளிதழை ஒரு சதத்துக்கு விற்கத் தொடங்கினார். வாசகர் கொடுத்த சதம் போதாதாக, எஞ்சிய செலவை வணிகரின் விளம்பரப் பணம் ஈடுசெய்தது. அன்று தொட்டு, மக்கள் மலிவாகப் பெறும் செய்திக்குப் பின்னால் வணிகரின் பணப்பை இருந்தே வந்துள்ளது. அப்பணப்பையை மூடித் தீய பேச்சை அடக்க இயலுமா என்பதே சமூக ஊடகங்களின் காலத்திலே எழுந்த வினா.

பழைய வணிகர் வாங்கியது பத்திரிகையின் பக்கத்தை. இன்றைய வணிகர் வாங்குவதோ பார்ப்பவரின் கவனத்தை. இமைப்பொழுதிலே இயந்திரம் ஏலம் நடத்தி, விளம்பரத்தை ஏதோவொரு காட்சியின் அருகில் வைத்துவிடுகிறது. இதன் விளைவு 2017ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. புகழ்பெற்ற கம்பனிகளின் விளம்பரங்கள் யூடியூப் தளத்திலே தீவிரவாதிகளின் காணொளிகளோடு தோன்றுவதை இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. மார்ச் மாதத்தில் பிரித்தானிய அரசாங்கமே தன் விளம்பரங்களை நிறுத்தியது. கூகுள் மன்னிப்புக் கோரியது.

இதனினும் பெரிய சோதனை 2020இல் வந்தது. மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளோயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிஸ் அதிகாரி ஒருவரால் கொல்லப்பட்டார். நாடு கொந்தளித்தது. வெறுப்புரையைப் பேஸ்புக் தடுக்கத் தவறியதெனக் குற்றஞ்சாட்டிய குடியுரிமை இயக்கங்கள், ஜூலை மாதம் முழுவதும் அதற்கு விளம்பரம் கொடாதிருக்குமாறு வணிகரை வேண்டின. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இசைந்தன. அமெரிக்காவிலே தன் விளம்பரங்களை நிறுத்துவதாக யூனிலீவர் அறிவித்த ஜூன் 26ஆம் நாளில், பேஸ்புக் பங்குகளின் பெறுமதி ஏறத்தாழ 5,600 கோடி டொலரால் வீழ்ந்தது. அதன் வருமானத்தில் நூற்றுக்கு 98 பங்கு விளம்பரத்தால் வந்ததாதலின், வேரே ஆட்டங்காணும் எனப் பலர் எண்ணினர்.

வேர் ஆடவில்லை. 2019இல் 7,070 கோடி டொலராயிருந்த வருமானம் 2020இல் 8,597 கோடியாக உயர்ந்தது. காரணம் யாதெனில், அத்தளத்தின் விளம்பரதாரர் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் சிறு வணிகர். கொள்ளைநோயால் கடைகள் மூடப்பட்ட அவ்வாண்டில், பலருக்கு அதுவே கடைத்தெருவாயிற்று. பெரியோர் விலகிய ஏலத்திலே சிறியோர் நின்றனர்.

எனினும் முயற்சி முற்றாக வீண்போகவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பேஸ்புக், யூடியூப், டுவிட்டர் ஆகியன, தீங்கான உள்ளடக்கம் எதுவென்பதற்குப் பொது வரையறைகளை விளம்பரதாரரின் கூட்டணியோடு ஒப்புக்கொண்டன. உலக விளம்பரதாரர் சம்மேளனம் 2019இல் தோற்றுவித்த அக்கூட்டணியின் ஆயுளோ குறுகியது. டுவிட்டரின் வழிவந்த எக்ஸ் நிறுவனம், வணிகர் கூடிச் சதிசெய்து தன்னைப் புறக்கணித்தனரென 2024 ஓகஸ்டில் வழக்குத் தொடுத்தது. சில நாட்களுள் கூட்டணி தன் பணிகளை நிறுத்தியது.

தனியே விலகும் வணிகரால் தளம் தளர்வதில்லை; கூடி விலகினாலோ வழக்கு வருகிறது. வணிகர் காப்பது தம் கடையின் நற்பெயரை. ஊரைக் காக்கும் கடமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏனையோர் உறங்கிவிடலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.