புட்டத் தசைநாண் நோய்

புட்டத் தசைநாண் நோய் என்பது புட்டத் தசைகளின் தசைநாண்கள் தொடையெலும்புடன் இணையும் இடத்தில் சிதைவுற்று, இடுப்பின் வெளிப்பக்கத்தில் வலியை உண்டாக்கும் நோய் ஆகும். 40 வயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. நெடுந்தொலைவு ஓடுபவர்களுக்கும் ஏற்படுவதுண்டு. முன்னர் இவ்வலிக்கு அவ்விடத்திலுள்ள நீர்மப்பையின் அழற்சியே காரணம் எனக் கருதப்பட்டது. மீயொலி, காந்த அதிர்வுப் படிமங்கள் பரவலான பின்னர், பெரும்பாலானோரிடம் தசைநாண் பாதிப்பே முதன்மையானது எனத் தெரியவந்தது.

உடற்கூறு

தொடையெலும்பின் மேற்பகுதியில் வெளிப்புறமாகப் புடைத்திருக்கும் பகுதி பெரிய டிரோக்காண்டர் எனப்படும். நடுப் புட்டத் தசை, சிறு புட்டத் தசை ஆகியவற்றின் தசைநாண்கள் இதில் இணைகின்றன. ஒற்றைக் காலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் தாங்குவது இத்தசைகளின் பணியாகும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை செல்லும் தடித்த இழைமப் பட்டை இத்தசைநாண்களின் மேல் படிந்துள்ளது. தொடை உடலின் நடுக்கோட்டை நோக்கிச் சாயும்போது இப்பட்டை இறுகி, தசைநாண்களை எலும்போடு அழுத்துகிறது. இவ்வழுத்தமும் மிகுதியான பளுவும் சேர்ந்து சிதைவுக்கு வழிவகுக்கின்றன.

அறிகுறிகள்

• இடுப்பின் வெளிப்பக்கத்தில் வலி. சிலருக்குத் தொடையின் வெளிப்புறமாகவும் பரவும்
• பாதிக்கப்பட்ட பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாமை, அதனால் உறக்கக் கேடு
• மாடிப்படி ஏறுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றின்போது வலி மிகுதல்

நோயறிதல்

எலும்புப் புடைப்பை அழுத்தும்போதும், 30 நொடிகள் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் வலி தோன்றுகிறதா எனச் சோதிப்பர். இடுப்பு மூட்டுத் தேய்வில் வலி பெரும்பாலும் கவட்டைப் பகுதியில் தோன்றும். காலுறை அணிவதும் கடினமாகும். கீழ்முதுகு நரம்பு அழுத்தமும் இதே இடத்தில் வலியைத் தரக்கூடும். வலியில்லாதவர்களின் படிமங்களிலும் தசைநாண் மாற்றங்கள் காணப்படுவதால், படிமத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை.

மேலாண்மை

தசைநாண் மீதான அழுத்தத்தைக் குறைப்பது முதற்படியாகும். கால்மேல் கால் போட்டு அமர்தல், ஒரு காலில் எடையைச் சாய்த்து நிற்றல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது வலியில்லாத பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துக்கொள்ளலாம். காலைக் குறுக்காக இழுத்துப் புட்டத்தை நீட்டும் பயிற்சிகள் பலராலும் செய்யப்படினும், அவை தசைநாணை மேலும் அழுத்தி வலியைக் கூட்டக்கூடும்.

இரண்டாவது படி, புட்டத் தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்தும் பயிற்சிகள் ஆகும். முழு ஓய்வு தசைகளை மேலும் வலுவிழக்கச் செய்யும். பயன்தர வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகலாம்.

இசுடீராய்டு ஊசி விரைவில் வலியைத் தணிப்பினும் அதன் பயன் நீடிப்பதில்லை. அதிர்ச்சி அலை மருத்துவமும் சிலருக்குப் பயனளிக்கிறது. தசைநாண் கிழிந்து, பிற முறைகளால் குணமாகாதவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது.

ஆய்வு

ஆத்திரேலியாவில் 204 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. 8 வாரங்களில், அறிவுரையுடன் பயிற்சி பெற்றோரில் சுமார் 77 விழுக்காட்டினரும், ஊசி பெற்றோரில் 58 விழுக்காட்டினரும், காத்திருந்தோரில் 29 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டதாகத் தெரிவித்தனர். ஓராண்டிலும் பயிற்சிக் குழுவே முன்னிலையில் இருந்தது.

எச்சரிக்கை

விழுந்தபின் காலை ஊன்ற இயலாமை, காய்ச்சலுடன் கூடிய இடுப்பு வலி, காரணமற்ற எடையிழப்பு ஆகியன இருப்பின் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.