பழம்பொருள் மறுபயன்பாடு (செட்டிநாடு)

செட்டிநாட்டின் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய மரம், கதவு, பாத்திரம் முதலியவற்றைப் பழுதுநீக்கி மீண்டும் பயன்படுத்தும் தொழில். புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஊர்களுள் ஒன்று. பர்மா, மலாயா வணிகச் செல்வத்தால் இவ்வூர்களில் எழுந்த பெருவீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வருவாய் குலைந்தது. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்தனர். பராமரிப்பின்றிப் பல வீடுகள் இடிபட்டன.

இடிக்கும்போது முட்டைவெண்கருவும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர்ப்பூச்சு தூளாகிவிடும். தேக்கு அப்படியன்று. பொருத்துகளைத் தட்டித் தளர்த்தினால் தூணும் நிலையும் முழுதாக வரும்; ஆணி பிடுங்கி, இழைத்து, எண்ணெய் தேய்த்தால் மறுபடி நிற்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இவையும் மங்கு எனப்படும் பீங்கான் சாமான்களும் விலைக்குக் கிடைக்கின்றன. கதவை மேசைப்பலகையாக்குவதும், சன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிப்பதும் இன்றைய வழக்கம். ஆயினும் கதவு கதவாகவே இன்னொரு வாசலில் நிற்பதே அதற்குத் தகும். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ள செட்டிநாட்டு வீடு இதற்கு நல்ல சான்று.

பித்தளைப் பாத்திரத்துக்கு வேண்டியது ஈயப்பூச்சு. பாத்திரத்தைத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைத் துணியால் உட்புறம் பரப்புவர். பூச்சு தேய்ந்தால் புளிக்குழம்பு களிம்பேறும். மறுபடி பூச வேண்டும்.

பழைய கதவை விற்பவர்கள், அது நின்ற ஊரையும் வீட்டையும் எழுதிக் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும்.